மஞ்சள் சீட்டு எந்த மேசை?

அலுவலகப் பயிற்சியில், மனதில் இருப்பதைச் சீட்டில் எழுதுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார்கள். சொன்ன கையோடு, ஒவ்வொரு மேசைக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஸ்டிக்கி நோட் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். எங்கள் மேசைக்கு வந்தது மஞ்சள். அந்த மேசையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஐவரில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர், நானும், சேலத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணும். நான் எழுதியதோ இரவு அழைப்புகளைப் பற்றி.

நிறுவன நடத்தையியல் அறிமுகம் என்ற பெயரில் சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை கட்டாயப் பயிற்சி. வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஊருக்குப் பேருந்து ஏறுகிற பெங்களூர்த் தமிழர்களுக்கு, சனிக்கிழமையைப் பறிப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பயணச்சீட்டை ரத்து செய்தேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன், வந்து உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும். அஞ்சல்வழியில் எம்.பி.ஏ. படித்தபோது, கணக்கியலோடு மல்லுக்கட்டிக் களைத்த இரவுகளில் நான் ஆசையாக எடுத்துப் படித்தது இதைத்தான். மனிதர்கள் ஏன் உழைக்கிறார்கள், ஏன் ஒதுங்கிக்கொள்கிறார்கள், ஏன் எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வரும் துறை அது. அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

காலை முழுவதும் ஸ்லைடுகள். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு வந்தது. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது, பிற்பாடு மற்றவர்கள் வரைந்தது என்பதை யாரும் சொல்லவில்லை, போகட்டும். டக்மன் 1965இல் சொன்ன குழு வளர்ச்சியின் நான்கு கட்டங்கள் வந்தன, அதுவும் போகட்டும். ஹாதார்ன் ஆய்வை ஐந்தே நிமிடத்தில் முடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிகாகோவை அடுத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. ஆகவே பணியாளர்களைக் கவனித்தாலே போதும், உழைப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வு அது. வெளிச்சம் அதன் தொடக்கம் மட்டுமே. 1928இல் தொடங்கி, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை அங்கே பேட்டி கண்டார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனவர்கள், தொழிலாளி பேச விரும்புவது வேறு எதையோ என்று கண்டுகொண்டு, பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, குறுக்கிடாமல், வாதாடாமல், அறிவுரை சொல்லாமல், கேட்க மட்டும் செய்தார்கள். சொன்னது யார் என்பது வெளியே போகாது என்று உறுதியும் அளித்தார்கள். தொலைபேசிக் கருவி செய்த ஒரு தொழிற்சாலைக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது இது. எங்களுக்கு நிறம் பிரித்துக் கொடுத்தார்கள்.

அதே ஆய்வின் கடைசிப் பகுதியில், 1931-32இல், 14 ஆண் தொழிலாளர்களை ஒரே அறையில் வைத்து, ஓரமாக ஒருவர் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். கவனித்ததால் அவர்களுடைய உற்பத்தி கூடிவிடவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டார்கள், அதற்கு மேல் வேகம் காட்டியவனைத் தோளில் குத்தி அடக்கினார்கள், மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லக் கூடாது என்பதை எழுதாத சட்டமாக வைத்திருந்தார்கள். கூடுதலாகச் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. எங்கள் தளத்தில் ஒருவர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, முடித்ததைச் சொல்லாமல் மாலை வரை திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்பும் எந்த மேலாளரும் படிக்க வேண்டிய பகுதி இதுதான். அந்த ஸ்லைடே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உளவியல் பாதுகாப்பு, அதாவது பயமில்லாமல் வாய் திறந்து பேசலாம் என்ற நம்பிக்கை. ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன என்றும், அவர்கள் அதிகம் பிழை செய்தார்கள் என்பதல்ல, பயமில்லாமல் ஒப்புக்கொண்டார்கள் என்பதே காரணம் என்றும் பயிற்சியாளர் அழகாகவே சொன்னார். அடுத்தது, உங்களைப் பேசவிடாமல் தடுப்பது எது என்று சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டச் சொன்னார். நான் நம்பினேன். "இரவு 10 மணிக்கு மேல் வரும் அழைப்பை மறுத்தவர்களுக்கு அப்ரைசலில் மதிப்பெண் குறைகிறது" என்று எழுதி ஒட்டினேன்.

மேலாளர் 4 மணிக்கு வந்தார். காலையிலிருந்து எங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர் அவர்தான். நேராகப் பலகைக்குப் போய், நீலச் சீட்டுகளைப் படித்தார், பச்சையைப் படித்தார், கேண்டீன் காபி சரியில்லை என்பதற்குச் சிரித்தார். என் சீட்டின் முன் நின்றார். படித்தார். மறுபடியும் படித்தார். மற்ற எதையும் தொடாதவர், அதை மட்டும் பலகையிலிருந்து பிய்த்து எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அறையைத் திரும்பிப் பார்த்து, சாதாரணக் குரலில் கேட்டார்: "மஞ்சள் எந்த மேசை?"

ஒருவரும் பேசவில்லை. பயிற்சியாளர் தரையைப் பார்த்தார். மேலாளரின் பார்வை எங்கள் மேசையில் ஒவ்வொரு முகமாக நகர்ந்து, அந்தச் சேலத்துப் பெண்ணிடம் நின்றது. அவர் முந்திய வாரம் ஓர் இரவு அழைப்புக்கு வர முடியாது என்று சொல்லியிருந்தார், அதுதான் காரணம். மேலாளர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நல்ல முயற்சி என்று எல்லோரையும் பாராட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது என்னைத் தின்றது.

இன்று காலை முதல் வேலையாக அந்தப் பெண்ணைத்தான் மேலாளரின் அறைக்கு அழைத்தார்கள். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தவர், "அண்ணா, நான் எதுவுமே எழுதலைண்ணா" என்று சொல்லும்போதே கண் கலங்கியிருந்தது. உன் மனப்பான்மை மாற வேண்டும், குறை இருந்தால் நேரடியாக என்னிடம் வந்து சொல்லப் பழக வேண்டும் என்று மேலாளர் சொன்னாராம். நான் எழுந்து நேரடியாக உள்ளே போனேன். எழுதியது நான், அவரைக் கேட்டது தவறு, எழுதியது உண்மையா இல்லையா என்பதை மட்டும் பாருங்கள் என்றேன். அவர் அமைதியாக, "எழுதியது யார் என்று நான் தேடவே இல்லையே" என்றார். எழுதியது உண்மையா என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. அந்தப் பெண்ணை அழைத்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள் என்று இரண்டு முறை கேட்டேன், அதற்கும் வரவில்லை.

இருக்கைக்குத் திரும்பியபோது ஹெச்.ஆரிடமிருந்து மின்னஞ்சல் காத்திருந்தது. சனிக்கிழமைப் பயிற்சியைப் பற்றி மனம் திறந்து கருத்துச் சொல்ல வேண்டுமாம், இன்று மாலை 6 மணிக்குள். முதல் கட்டம் பெயர், இரண்டாவது பணியாளர் எண், இரண்டும் கட்டாயம். இரண்டையும் நிரப்பினேன். கருத்துக்கான கட்டத்தில், சனிக்கிழமை எழுதிய அதே வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதி அனுப்பினேன்.