எஸ்-மீட்டர் முள் சொல்வது முழுக் கதை இல்லை
ரேடியோவில் வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் 7 காட்டினால் நம் வீட்டு ரேடியோ இரைச்சல் அவ்வளவுதான் என்று இந்தக் கட்டுரை முடித்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த அலைவரிசை அகலத்தில் அளந்தோம் என்று சொல்லாத இரைச்சல் அளவு, எந்தப் படி என்று சொல்லாமல் நாலு படி அரிசி என்பது போல. ரேடியோ எவ்வளவு அகலத்தை உள்ளே விடும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபில்டரை 2,400 ஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கினாலே அதே இரைச்சல் கிட்டத்தட்ட 7 டெசிபல் இறங்கிவிடும். மீட்டரின் லட்சணமும் அப்படித்தான்: ஒரு எஸ் புள்ளிக்கு 6 டெசிபல் என்பது ஏட்டில், என் பழைய ரேடியோப் பெட்டியை, தெரிந்த அளவில் சிக்னல் தரும் சிக்னல் ஜெனரேட்டர் வைத்துப் பார்த்தபோது கீழ்ப்புள்ளிகளில் 3 டெசிபல் கூடத் தேறவில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர், இரைச்சலுக்குக் காரணம் எல்லாம் பக்கத்து வீட்டு எல்இடி பல்புதான் என்கிறார். இருக்கலாம். ஆனால் முதலில் ஆன்டெனாவைக் கழற்றி அதற்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (எதையும் வாங்காத வெறும் மின்தடை) மாட்டிப் பாருங்கள். முள் இறங்காவிட்டால் இரைச்சல் வெளியிலிருந்து ஆன்டெனா வழியாக வரவில்லை. இறங்கினால், ஆன்டெனாவைத் திரும்ப மாட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரேடியோவை பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள்; இரைச்சல் அடங்கினால் காரணம் நம் வீட்டுக்குள்ளேதான். எனக்கு அப்படி அகப்பட்ட குற்றவாளி, என் சொந்த மொபைல் சார்ஜர்.