இரு பக்கமும் கத்துக்குட்டிகள்

சனிக்கிழமை தேக்கா கோப்பிக் கடையில், பழைய பிளட்டூன் நண்பன் ஒருவன் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். "அந்த மெக்டவல் சுத்த தண்டம் மச்சான்" என்றான். அங்கேயே சண்டை போட்டேன், ஆறவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

1861 ஜூலை 21, வர்ஜீனியாவின் புல் ரன்னில், லிங்கன் அரசின் பக்கமான வடக்கின் தளபதி மெக்டவல், பிரிந்துபோன தெற்கிடம் தோற்றார். ஆனால் அவர் அதுவரை களத்தில் ஒரு படையை நடத்தியதே இல்லை. ஏப்ரலில் அதிபர் லிங்கன் அழைத்த 75,000 பேரும் மூன்று மாதத்துக்கு மட்டும் வந்தவர்கள். தவணை முடியப்போகிறது, பத்திரிகைகளோ தெற்கின் தலைநகர் ரிச்மண்டைப் பிடி என்று கத்துகின்றன. பயிற்சிக்கு இன்னும் நாள் வேண்டும் என்று கேட்டவருக்குக் கிடைத்த பதில்: நீங்கள் கத்துக்குட்டிகள்தான், அவர்களும் கத்துக்குட்டிகள்தானே.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாக்கப் போகிறவன் நடந்து போக வேண்டும், தடுக்கிறவன் நின்ற இடத்தில் நின்றால் போதும். சிங்கப்பூர் ராணுவத்தின் பயிற்சித் தீவான தெக்கோங்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது தெரியும். முதல் நீண்ட நடையில் என் குதிகால் கொப்புளம் உடைந்து காலுறையோடு ஒட்டிக்கொண்டது. சார்ஜெண்ட் கத்தக் கத்த எங்கள் வரிசை ரப்பர் மாதிரி இழுபட்டது. மெக்டவலின் ஆட்கள் வெயிலில் வரிசையை விட்டிறங்கி பிளாக்பெர்ரி பறிக்கப் போனார்கள். அதற்குள் ஜான்ஸ்டனின் தெற்குப் படை ரயிலேறி வந்து சேர்ந்துவிட்டது. தவணை முடிந்த ஒரு பென்சில்வேனியா ரெஜிமெண்ட், பீரங்கிச் சத்தம் கேட்கக் கேட்க வீட்டுக்குக் கிளம்பியது!

என் கோபம் மெக்டவலுக்கு மேலே இருந்த கிழவர் வின்ஃபீல்ட் ஸ்காட் மீதுதான். 75 வயது, குதிரையேற முடியாத உடம்பு, ஆனால் மூளை மழுங்கவில்லை. துறைமுகங்களை அடைப்போம், மிசிசிப்பி ஆற்றைப் பிடிப்போம், அவசரம் வேண்டாம் என்றார். இரையை மெல்ல நெரிக்கும் பாம்பு மாதிரி என்று, அந்தத் திட்டத்தை அனகோண்டா என்று கேலி செய்தார்கள். கடைசியில் வடக்கு ஜெயித்ததில் அந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. இவ்வளவு தெரிந்தவர் புல் ரன் தாக்குதலுக்கு ஏன் தலையாட்டினார்?

தோல்விக்குப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார்: படை தயாராக இல்லை என்று தெரிந்தும் கடைசிவரை எதிர்க்காமல் விட்டேன், என்னைப் பதவியை விட்டு நீக்கலாம். நான்தான் உங்களைப் போருக்குத் தள்ளினேன் என்கிறீர்களா என்று லிங்கன் கேட்டார். உங்களைப் போல் என்னிடம் அன்பு காட்டிய அதிபர் யாருமில்லை என்று கிழவர் நழுவிவிட்டார்.