பேறுகாலத்தில் கையெழுத்துப் போட வேண்டியது அவள்

நெல்லைச் சீமையில் பிரசவ வார்டு வாசலில் காகிதத்தை நீட்டினால் பேனாவை வாங்குவது புருஷன். அவர் வெளியூரில் இருந்தால் மாமியார், இல்லையென்றால் அப்பா. உள்ளே சுயநினைவோடு இருப்பவளிடம் கடைசியில்தான் வருகிறார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, அவள் தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்தது செல்லாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் அவள் கண்விழிக்கும்வரை பொறுக்க வேண்டும். கருக்கலைப்புக்கோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கோ கணவர் கையெழுத்து தேவையே இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள், நாமும் போடுகிறோம்.

கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்த 10 நிமிஷத்துக்குள் வைப்பது நல்ல முறைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை மாதாமாதச் செக்கப்பிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது "வச்சிரலாமாம்மா?" என்று கேட்டு, அவள் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. வைத்ததே தெரியாதவள் 6-வது வாரம் அதன் நூல் இருக்கிறதா என்று பார்க்கப் போகமாட்டாள். பிரசவத்தோடு வைத்தது நழுவி விழ வாய்ப்பு அதிகம், விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. உதிரம் கூடுதலாகப் போனால் காரணம் புரியாது. பீடி சுற்ற உட்கார்ந்தால் அடிவயிறு இழுக்குது என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள்.

சிசேரியன் கதையும் இதுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம், தனியாரில் 63.8. டாக்டரை மட்டும் சொல்லிப் பயனில்லை, நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக் கொடுக்கும் குடும்பங்களும் அவளைக் கேட்பதில்லை. "வலி முன்னேறவில்லை" என்றால் கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி தீவிர வலிக்கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், அதற்கு முன்னால் மெதுவாகப் போகிறது என்பது மட்டும் கத்தி வைக்கக் காரணம் ஆகாது. பிள்ளையின் இதயத்துடிப்பு 110-க்குக் கீழே இறங்கி ஏறாமல் நின்றாலோ, தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னால் சரிந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

அதனால், வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்தவுடனே பேசுங்கள். காப்பர்-டி வேண்டுமா, குடும்பக் கட்டுப்பாடு வேண்டுமா, பிரசவ அறையில் கூட யார் நிற்க வேண்டும் என்பதை 36-வது வாரத்துக்குள் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாய்-சேய் அட்டையோடு சேர்த்து வைக்கட்டும். அம்பாசமுத்திரத்திலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால், பனிக்குடம் உடைந்த நேரம், போட்ட ஊசி எழுதிய சீட்டோடு அந்தத் தாளும் ஆம்புலன்ஸில் ஏற வேண்டும்.