மணிக்கட்டு மடங்குவது எந்தப் பக்கம்?

கோல்ஃப் பேக்ஸ்விங்கில், அதாவது அடிக்கும் முன் கிளப்பை (மட்டையை) பின்னால் தூக்கும்போது, இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் வளைத்தால் பந்து தூரம் போகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வலக்கை ஆட்டக்காரருக்கு வேகம் தருவது அந்த வளைவு அல்ல, கட்டைவிரல் பக்கமாக மேலே ஏறும் மடிப்புதான். புறங்கைப் பக்கம் வளைந்தால் கிளப் முகம் (பந்தில் படும் பரப்பு) வலப்பக்கம் திறந்துகொள்ளும். பந்து வலப்பக்கம் ஓடும். நெடுந்தூரம் அடிப்பதில் பேர்பெற்ற அமெரிக்க வீரர் டஸ்டின் ஜான்சனுக்கு பேக்ஸ்விங் உச்சியில் நேர் எதிராக, உள்ளங்கைப் பக்கம் வளைந்திருக்கும். அவர் அடி என்ன குட்டையா?

சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். கையுறைக்குள் புறங்கையை ஒட்டிச் செருகி, முன்கைவரை நீட்டி விடுங்கள். அப்புறம் கண்ணாடி முன் நின்று, இடது கை தரைக்கு இணையாக வரும்வரை தூக்குங்கள். கையும் கிளப்பும் ஏறக்குறைய 'ட' மாதிரி நிற்க வேண்டும். ஸ்கேல் முன்கையில் நன்றாகக் குத்தினால் வளைவு தப்பான பக்கம். (ஸ்ட்ராங் கிரிப், அதாவது கிளப்பில் கையைச் சற்று வலப்பக்கம் திருப்பிப் பிடிப்பவர்களுக்கு லேசாக அழுத்தும், பரவாயில்லை.)