லூர் ஒரு பக்கமாக ஓடுவது வேகத்தால் மட்டும் அல்ல

ஓடும் படகின் பின்னால் இழுத்து மீன் பிடிக்கும் (ட்ரோலிங்) மின்னோ வகை லூர், அதாவது சிறுமீன் வடிவச் செயற்கை இரை, ஒரு பக்கமாக ஓடினால் படகின் வேகத்தைக் குறைத்தாலே போதும் என்று சொல்வது முழுவதும் சரியல்ல. வேகம் குறையும்போது கோளாறு மறைகிறதே தவிர நீங்குவதில்லை. வேகம் கூடியதும் அதே லூர் மீண்டும் புரண்டு நீர்மட்டத்துக்கு வந்துவிடும். தூண்டில் நரம்பைக் கட்டிய முடிச்சு லூரின் மூக்கிலுள்ள கம்பி வளையத்தின் ஓரத்துக்கு நழுவியிருக்கிறதா, தூண்டில் முள் வளைந்திருக்கிறதா, பாசி சிக்கியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும், லூரின் பின்னாலிருந்து பார்க்கையில் அது இடப்பக்கம் ஓடுமானால், அந்தக் கம்பி வளையத்தை, அதே பார்வையில் வலப்பக்கமாக, குறடால் மயிரிழை அளவு மட்டும் வளைத்து, படகின் ஓரத்தில் நுரையில்லாத நீரில் இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் சிறிது வளைக்கலாம். வளையத்தை முறுக்குவது கூடவே கூடாது. பிடிமானம் தளர்ந்தால் பெரிய மீன் இழுக்கும்போது வளையம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தலைக்குப் பின்னால் பாவாடைபோல் இழைகள் தொங்க, நரம்பு தலையின் நடுவே ஊடுருவிச் செல்லும் பாவாடை லூர்களில் வளைப்பதற்கு வளையமே இல்லை என்பதால், அங்கே முள்ளின் எடையையும் அது நிற்கும் இடத்தையும்தான் திருத்த வேண்டும்.