2028 இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை எங்கே போனீர்கள்?

நேற்று ராத்திரி, 2025 நவம்பர் 8 அன்று, ஒரு பிறந்தநாள் வீட்டில் என் பொறுமை போய்விட்டது. இன்னும் ஆறவில்லை.

மேலே பிள்ளைகள் கேக் வெட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே பேஸ்மென்ட்டில் எட்டு ஆண்கள், 2028ல் அமெரிக்காவுக்கு யார் அதிபர் என்று முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். சாப்பிடக் கூப்பிட நான்தான் போனேன். முதல் தடவை இறங்கியபோது துணை அதிபர் வான்ஸா, வெளியுறவு அமைச்சர் ரூபியோவா என்று ஓடிக்கொண்டிருந்தது. "இதோ வர்றோம் அக்கா." இரண்டாம் தடவை கலிஃபோர்னியா கவர்னர் நியூசம். மூன்றாம் தடவை ஷபீரோ, விட்மர், பிரிட்ஸ்கர் என்று வேறு மாநிலக் கவர்னர்கள், திரும்பவும் நியூசம். வடை ஆறி, சாம்பாரில் ஏடு படிந்துவிட்டது. செய்தவள் மேலே கால் கடுக்க நிற்கிறாள். இவர்கள் அந்த நியூசமை இழுபறி மாநிலமான விஸ்கான்சினில் ஜெயிக்கவைக்க வழி தேடுகிறார்கள்.

நான்காம் தடவை போனபோதுதான் அந்தத் தம்பி போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். பந்தயம் கட்டுகிற செயலி. சிவப்பும் நீலமுமாகக் கோடுகள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சதவீதம். "நேத்திக்கு இருந்ததுக்கு ஒரு பாயின்ட் ஏறியிருக்கு அக்கா, பாருங்க." விரலால் இழுத்து, பெரிதாக்கி, போன மாதம் காட்டி, அதற்கு முந்தின மாதம் காட்டி, எங்கே ஏறியது, ஏன் இறங்கியது என்று விளக்கம். நான் கையில் கரண்டியோடு நிற்கிறேன். தேர்தல் 2028 நவம்பர் 7. இன்றிலிருந்து எண்ணினால் மூன்று வருஷத்துக்கு இரண்டே நாள் குறைவு. அதற்குள் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் வந்துவிடும்?

ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டீங்களா தம்பி?"

"எதுக்கு அக்கா?"

எதுக்கு! நியூ ஜெர்சிக்கு கவர்னர் தேர்தல். நாம் இருக்கிற மாநிலம். நவம்பர் 4. அதோடு சேர்த்து மாநிலச் சட்டசபையின் 80 இடங்களுக்கும் தேர்தல். இவ்வளவும் நடந்து முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

"ஓ, அதுவா? அன்னிக்கு எங்க ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் அக்கா."

காலை 6 மணியிலிருந்து இரவு 8 மணி வரை வாக்குச்சாவடி திறந்திருந்தது. அக்டோபர் 25லிருந்து நவம்பர் 2 வரை ஒன்பது நாள் முன்கூட்டியே போட வழி இருந்தது. வேண்டுமென்றால் வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும், உட்கார்ந்த இடத்திலேயே போடலாம். ஒன்பது நாளும் ரிலீஸா?

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டேன். எட்டுப் பேரில் ஐந்து பேர் சிடிசன். அதில் ஓட்டுப் போட்டது ஒருத்தர். மற்ற மூன்று பேர் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஓட்டு இல்லாதவருக்குப் பேச்சாவது இருக்கட்டும். கையில் ஓட்டை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாலு பேரைத்தான் சொல்கிறேன். எனக்கு அந்த ஓட்டு கிடைக்கப் பதினாறு வருஷம் ஆனது. கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்த அன்றைக்கு நான் அழுதேன்.

இவர்கள் பேசாத விஷயத்தைச் சொல்கிறேன். போன ஜூனிலிருந்து மின்சாரக் கட்டணம் எகிறிவிட்டது. இந்த பேஸ்மென்ட்டிலேயே ஆகஸ்ட் முழுக்க அதற்குப் புலம்பினவர்கள்தான் இவர்கள். கவர்னருக்கு நின்று ஜெயித்த மிக்கி ஷெரில் அந்தக் கட்டணத்தை நிறுத்திவைப்பேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். செய்வாரா மாட்டாரா என்பது அப்புறம். புலம்பினவர் போய் ஓட்டையாவது போட வேண்டாமா? சொத்து வரி சராசரியாக வருஷத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்ட மாநிலம் இது. அதில் ஏறக்குறைய பாதி பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. பள்ளி வாரியத்துக்கு நின்றவர்களில் ஒருவர் பெயராவது சொல்லுங்கள் என்றேன். யாருக்கும் தெரியவில்லை. பிரிட்ஸ்கரின் கூட்டம் என்று ஆரம்பித்தால் மட்டும் வாய் மூடாது.

சரி, இவர்கள் ஜோசியமாவது பலித்திருக்கிறதா? ஷெரிலுக்கு நெருக்கடியான போட்டி என்று கடைசி வாரம் வரை சொன்னார்கள், பத்து புள்ளிக்கு மேல் ஜெயித்தார். நாலு நாள் தள்ளி நடக்கப்போவதே தெரியவில்லை. 2007 முழுக்க ஹிலாரியும் ஜூலியானியும்தான் என்றார்கள், வந்து நின்றது ஒபாமாவும் மெக்கெய்னும். 2015ல் ஜெப் புஷ்ஷுக்கு நூறு மில்லியன் டாலருக்கு மேல் குவிந்தது, இனி அவரை அசைக்க முடியாது என்றார்கள். 2016 பிப்ரவரியில், தெற்குக் கரோலைனாவின் கட்சி முன்தேர்தலோடு மூட்டை கட்டினார். 2024லோ, தேர்தலுக்கு நாலு மாசம்கூட இல்லாதபோது, ஜூலை 21 அன்று, பைடன் விலகினார். அந்த வருஷம் ஜனவரியில் இதே பேஸ்மென்ட்டில் யாராவது அதைச் சொன்னார்களா?

இன்னொன்று. கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில் நியூ ஜெர்சிக்கு ஜூன் மாசம்தான் முறை வரும். பெரும்பாலும் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2016ல் நாங்கள் ஜூன் 7 அன்று போட வேண்டும், முந்தின நாள் ராத்திரியே ஹிலாரிக்கு வேட்பாளராகத் தேவையான பிரதிநிதிகள் எண்ணிக்கை சேர்ந்துவிட்டது என்று செய்தி வந்துவிட்டது. நம் ஓட்டுக்கு வேலையே இல்லாத இடத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேச்சு. நம் ஒரு ஓட்டுக்கு மதிப்பு இருக்கிற பள்ளி வாரியத்துக்கு மூன்று நிமிஷம் கிடையாது.

மன்னார்குடியிலிருந்து என் அத்தை போன் பண்ணி, "கமலா மறுபடி நிக்குமா?" என்று கேட்பார். கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரம் அவருக்குப் பக்கம், 2020ல் வாசலில் கமலா பெயரைக் கோலமாகப் போட்ட ஊர் அது. அத்தை ஆசையாகக் கேட்கிறார், நானும் ஆசையாகப் பதில் சொல்கிறேன். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எழுபத்தாறு வயசில் முழங்கால் வலியோடு வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டு வருகிறவர் அவர். அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

கடைசியில் ஒன்பதே முக்காலுக்கு மேலே வந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டே கேக் வெட்டினார்கள். கிளம்பலாம் என்றால், கட்டில் மேல் குவித்திருந்த கோட்டுகளில் என் சின்னவனின் கையுறை ஒன்றுதான் இருக்கிறது. வலது கை. குவியலை இரண்டு தடவை கலைத்துப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். நீல நிறம், மணிக்கட்டில் என் கையால் பெயர் தைத்தது. ஒற்றைக் கையுறையை எடுத்துக்கொண்டு போய் யார் என்ன செய்வார்கள்? திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை அவன். எடுத்தவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள்.