கல்லீரல் கட்டி என்றாலே புற்றுநோய் இல்லைங்க

"கல்லீரலில் கட்டி தெரிந்தால் புற்றுநோய்தான், உடனே ஊசி குத்திச் சதை எடுங்கள்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தப்புங்க.

கோபியில் எங்கள் அத்தைக்கு வயிற்று ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் வீடே அழுதது. கோவையில், படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஓரத்தில் திட்டுத் திட்டாக மருந்து ஏறி, மெல்ல நடுவரை நிரம்பியது. அது ஹெமாஞ்சியோமா, வெறும் ரத்தக்குழாய்க் கட்டி. படம் இவ்வளவு தெளிவாக இருந்தால் ஊசியே வேண்டாம். குத்தினால் ரத்தக்கசிவு பயம் வேறு.

புற்றுநோய் அல்லாத வேறு இரண்டு கல்லீரல் கட்டிகளான அரிதான அடினோமாவையும் எஃப்.என்.எச்.சையும் (ஃபோகல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா) பிரிப்பதுதான் சிரமம். அதற்கு காடாக்செட்டேட் மருந்தோடு எம்.ஆர்.ஐ. உண்டு: சுமார் 20 நிமிடம் கழித்தும் எஃப்.என்.எச். பெரும்பாலும் மருந்தைப் பிடித்து வைத்திருக்கும், அடினோமா பெரும்பாலும் கருத்துத் தெரியும். 5 செ.மீ. தாண்டிய அடினோமாவில் ரத்தம் கசியலாம், அதை அசட்டையாக விடக்கூடாது. அப்புறம், கல்லீரல் சுருக்கமோ ஹெபடைடிஸ் பி-யோ இருப்பவர்களுக்குக் கணக்கே வேறுங்க.